தப்பு நோட்டில் இருந்த பெயர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்னிடம் இருக்கும் நீல அட்டைப் பதிவேடு ஒன்றில் அந்தப் பெயர் முப்பத்துமூன்று முறை இடம்பெற்றிருக்கிறது. முப்பத்துமூன்றையும் எழுதியவர் அவரே. அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தவன் நான். முப்பத்துநான்காவது முறையாக அதை எழுத எனக்குக் கை வரவில்லை. பட்டறையில் எல்லோரும் அழைத்தபடி, அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட்டைத் தாண்டிச் சற்றுத் தெற்கே, தகரக் கூரை வேய்ந்த கொட்டகையில் எங்கள் பட்டறை இருக்கிறது. கணினிக் கட்டளைப்படி எஃகைக் கடையும் சி.என்.சி. இயந்திரங்கள் அப்போது இரண்டு இருந்தன. அவற்றில் உளிகளைப் பொருத்தி, அளவு கொடுத்து, முதல் பீஸ் சரியாக வரும்வரை உடன் நிற்பவரைச் செட்டர் என்பார்கள். அக்காதான் எங்கள் செட்டர். ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சென்னைப் பக்கம் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். தாய் படுக்கையில் விழுந்ததால் ஊர் திரும்பியிருந்தார். ராசாப்பேட்டையை ஒட்டிய கடலோரக் குப்பம். வீட்டில் எல்லோரும் மீன் தொழில். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்; ஆனாலும் கடைசிவரை என்னைச் சார் என்றுதான் அழைத்தார்.

காலையில் வந்ததும் கண்ணாடி வளையல்களைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வைப்பார். சுடிதாரின் மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார். இயந்திரத்தை ஓட்டுவதற்குமுன் அதன் கதவில் ஒரு நொடி உள்ளங்கையை வைப்பார். அது வேண்டுதலா என்று ஒருமுறை கேட்டேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

பீஸ் கடைந்து வந்ததும் மைக்ரோமீட்டரை எடுப்பதற்குமுன் இடது கை மோதிர விரலால் அதன் முகத்தைத் தடவுவார். தடவும்போது பீஸைப் பார்க்கமாட்டார். சுழலும் மின்விசிறியையோ வெளியே போகும் பேருந்தையோ பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, “பிசிறு இருக்குது” என்பார். அல்லது, “உளி மழுங்கிடுச்சு, இன்னும் பத்து பீஸ்தான் தாங்கும்” என்பார். பத்து என்றால் பத்துதான். பதினோராவது பீஸில் மேடு தெரியும். அதை அளக்கும் கருவி வாங்க எனக்கு வசதியில்லை. அவர் இருக்கும்வரை அதன் தேவையும் தோன்றவில்லை.

அவருடைய கையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருடைய கை பட்டால் கடைந்த எஃகு துருப்பிடித்துவிடும். வியர்வையின் குணம் அது. கடல்காற்றும் ஆலைக்காற்றும் கலந்து வீசும் எங்கள் பகுதியில் அந்தக் குணம் இரண்டு மடங்காகும். இன்று தொட்ட இடத்தில் நாளை மறுநாள் விரல் ரேகை அப்படியே செம்பழுப்பாக எழுந்து நிற்கும். எனக்கு அப்படிப்பட்ட கை. ஆபரேட்டர் குமரேசனுக்கு என்னைவிட மோசம். “ஒன் கைய கழுவி ஊத்துனா ஒரு ஏக்கருல உப்பளம் போடலாம்டா” என்று அக்கா அவனைக் கேலி செய்வார். அக்கா தொட்ட எஃகு எத்தனை நாளானாலும் தொட்ட சுவடின்றி இருக்கும். குப்பத்துக்காரியின் கையில் உப்பு இல்லையே என்று குமரேசன் திருப்பிக் கேட்டால், “உப்பெல்லாம் ஊட்டுலயே வுட்டுட்டு வரேன், சோறு திங்க வேணாமா” என்பார்.

இனிப் பதிவேட்டுக்கு வருகிறேன்.

சிதம்பரத்தில் பொறியியல் படித்த நாள்களில், வீட்டு மாடியில் பழைய பிரிண்டர்களின் மோட்டார்களைக் கோத்து, மரப்பலகையில் எழுத்துச் செதுக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை நானே செய்தேன். அது முதலில் செதுக்கியது எங்கள் வீட்டின் கதவு எண். எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்தன. ஒரு மோட்டாரின் திசையை மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்தப் பலகையை எறியாமல் சுவரில் மாட்டினேன். பிழையை மறைக்காமல் கண்முன் வைத்தால்தான் மனிதன் கற்றுக்கொள்வான் என்று உறுதியாக நம்பினேன். பின்னர் பட்டறை தொடங்கியபோது, அந்த நம்பிக்கையையே ஒரு பதிவேடாக்கினேன். கெட்டுப்போகும் ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு வரி: என்ன கெட்டது, ஏன் கெட்டது, யார் செய்தது. எழுதுபவருக்குத் தண்டனை இல்லை, திட்டு இல்லை, சம்பளப் பிடித்தம் இல்லை. முதல் பக்கத்தில் ‘பிழைப் பதிவேடு’ என்று அழகாக எழுதினேன். பட்டறையில் அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர் நிலைத்துவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் புதிய தொழில்முனைவோருக்காக நடந்த கூட்டமொன்றில் இந்த நோட்டைப் பற்றிப் பேசினேன். தொழிலாளியை அஞ்சவைக்காத பட்டறையே நல்ல சரக்கைத் தரும் என்றேன். கைதட்டினார்கள். பேசியதில் பொய் எதுவும் இல்லை. அன்று மாலை பட்டறைக்குத் திரும்பி நோட்டைப் புரட்டியபோதுதான், அந்த மாதத்தில் இருந்த நான்கு வரிகளிலும் அக்காவின் பெயரே இருப்பதைக் கவனித்தேன்.

நான்கு பீஸ்களும் கழிவுப் பெட்டியில் கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். மூன்றில் துருவேறிய கட்டைவிரல் ரேகை இருந்தது. பிடித்துக் கடைந்தவன் குமரேசன் என்று எஃகே எழுதி வைத்திருந்தது.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். பீஸை இயந்திரத்தின் பிடியில் இறுக்காமல் ஓட்டியது குமரேசன்தானே என்றேன். ஆமாம் என்றார், மறைக்கவில்லை. பிறகு ஏன் தன் பெயரை எழுதினார் என்று கேட்டதற்கு, உளியைப் பூட்டும் சாவியைத் துடைத்துக்கொண்டே, “அவன் புடிக்கிறப்ப நான் பக்கத்துலதான நின்னேன். பாத்திருக்கணும். நான்தான்னு எழுதுனேன்” என்றார்.

எனக்கு இது ஒழுங்குக் குறைவாகப் பட்டது. அன்பினால் செய்வதாக இருந்தாலும், இன்னொருவனின் பிழையைத் தன் பேரில் எழுதினால் அவன் எப்படித் திருந்துவான் என்று நீண்ட நேரம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். குமரேசனிடம் தனியே சொல்லிவிட்டதாகவும், இனி இருமுறை இறுக்குவான் என்றும் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அவன் அதே பிழையைச் செய்தான்; பீஸ் பறந்து வந்து கதவுக் கண்ணாடியில் மோதியது. நோட்டில் மீண்டும் அக்காவின் பெயர். நான் சொன்னது நடந்துவிட்டதே என்று அவரிடம் சென்றேன். உள்ளூர ஒரு திருப்தி இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்றுதான் அவர் தன் பழைய வேலையிடத்தைப் பற்றிச் சொன்னார். சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒருநாள் ஓர் இயந்திரத்தில் உளி போய் மோதி உடைந்தது. யார் ஓட்டியது என்று மேலாளர் கேட்டார். அக்கா உண்மையான பெயரைச் சொன்னார். அந்த ஆள் அன்றைக்கே வெளியேற்றப்பட்டார். அடுத்த வாரம் முழுவதும், ஷிப்ட் முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்துக்கு அவர் வாசலுக்கு எதிரே வந்து நிற்பாராம். எதுவும் பேசமாட்டாராம், சண்டைக்கு வந்தவரும் இல்லை. வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து நின்றிருக்கிறார்.

“யாரு பேரையாவது சொன்னா அந்தாளு எறங்கணும் சார்” என்றார் அக்கா. “என் பேரச் சொன்னா நான் எறங்குவேன். எனக்கு எறங்கி ஏறிப் பழக்கம். வுடுங்க.”

நோட்டினால் யாரும் இறங்கவேண்டியதில்லை, அதற்காகத்தானே நோட்டு என்றேன். அவர் சிரித்தார். என்னை நம்பாத சிரிப்பாக அது இருக்கவில்லை. நான் சொல்வது நான் இருக்கும்வரைதான் செல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது; எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்நாளில் எங்கள் பட்டறையின் பெரும்பகுதி வேலை ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. எண்ணெய் பம்புக்குள் பொருந்தும் எஃகு மூடிகள். மூடியின் முகத்தில் ரப்பர் வளையம் ஒன்று படியும். முகம் வழவழப்பாக இருந்தால் எண்ணெய் கசியாது. மயிரிழை மேடு இருந்தாலும் கசியும்.

ஒருநாள் மதியம், அக்கா சாப்பிடப் போயிருந்தார். குமரேசன் டீக்கடையில் இருந்தான். இரண்டாவது இயந்திரத்தில் வந்த மூடியின் கனம் இம்மி கூடுதலாக இருந்ததைப் பார்த்தேன். உளி எங்கே நிற்கிறது என்பதை இயந்திரம் ஓர் எண்ணாக வைத்திருக்கும். அந்த எண்ணில் சிறிதளவு கூட்டினால் போதும். பலகையில் அதற்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று, இருக்கும் எண்ணோடு கூட்டும். மற்றொன்று, இருக்கும் எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை அந்த இடத்தில் வைக்கும். இரண்டும் அருகருகே இருப்பவை. எந்தப் பட்டறையில் கேட்டாலும், ஒருமுறையாவது மாற்றி அமுக்கியவர் ஒருவர் இருப்பார்.

நான் மாற்றி அமுக்கினேன். திரையை மீண்டும் ஒருமுறை பார்க்காமல் ஓட்டினேன்.

உளி இருநூறு மில்லிமீட்டர் தள்ளி நிற்பதாக எண்ணிக்கொண்ட இயந்திரம், அதை முழு வேகத்தில் கொண்டுபோய், பீஸைப் பிடித்திருந்த சக்கில் மோதியது. அந்த ஓசையை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. அதன்பின் அபாய விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அக்கா கையில் சோற்றுப்பருக்கைகளுடன் ஓடி வந்தார். முதலில் என் கைகளைப் பார்த்தார். எங்கும் படவில்லையே என்று கேட்டார். அதன் பிறகே திரையைப் பார்த்தார். அங்கிருந்த எண்ணைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குள் குமரேசனும் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். யார் ஓட்டியது என்று ஒருவர் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள், “நான்தான். பட்டன மாத்தி அமுக்கிட்டேன்” என்றார் அக்கா. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்து எழுதினார். என் கண்முன்னால்தான் எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடி, நோட்டை இருந்த இடத்தில் வைத்தார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். முதலாளியே மோதிவிட்டான் என்று பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள் என்ற கூச்சம் இருந்தது. அவர்கள் போனபின் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணினேன். மாலையானதும் நாளைக்குத் திருத்தலாம் என்று தோன்றியது. பிழையை மறைக்கக் கூடாது என்று கூட்டத்தில் பேசிய என் பெயர், அந்த நோட்டில் அதுவரை ஒருமுறைகூட வந்திருக்கவில்லை.

இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர் கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார். மூடிகளை அனுப்ப நான்கு நாள்கள்தான் இருந்தன. ஓட்டிப் பார்ப்போம் என்றேன். அக்கா புதிய உளி பூட்டி, எண்களை எல்லாம் மறுபடியும் எடுத்து, மெதுவாக ஒரு மூடியைக் கடைந்தார். வெளியே எடுத்துத் துடைத்தார். மோதிர விரலால் தடவினார், பார்வை எங்கோ இருந்தது. நின்று, மீண்டும் தடவினார்.

“அலை இருக்குது சார்” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன், கண்ணாடிபோல் மின்னியது. அளந்தேன், எல்லா அளவுகளும் சரியாக இருந்தன. என் விரலால் தடவிப் பார்த்தேன், எதுவும் தட்டுப்படவில்லை. குமரேசனுக்கும் தட்டுப்படவில்லை. மோதலில் உள்ளே பேரிங் அடிபட்டிருக்கும், சுற்றும்போது நடுங்குகிறது, அந்த நடுக்கம் முகத்தில் விழுகிறது என்றார் அக்கா. கடலில் காற்று விழுந்த பிறகு ஓடுமே, அந்த மாதிரிச் சின்ன அலை என்றும் சொன்னார். எனக்குத் தெரியாத ஒன்றை, இல்லாத ஒன்று என்று முடிவுகட்டினேன். அளவு சரியாக இருக்கிறது, அனுப்பலாம் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த நான்கு நாளும் அவரே நின்று எல்லா மூடிகளையும் கடைந்தார். ஒவ்வொன்றையும் தடவிவிட்டுத்தான் அடுக்கினார். எதற்காகத் தடவினார் என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரத்தில் பம்புகள் கசிவதாக நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அதன் பின்னாலேயே அவர்களுடைய தர அதிகாரி வந்தார். குரல் உயர்த்தாத, நாகரிகமான மனிதர். இளநீர் வாங்கி வைத்தோம், குடித்தார். ஆவணங்களைக் கேட்டார். நான் பெருமையோடு பிழைப் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். அதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இந்த அளவுள்ள பட்டறையில் இப்படியொரு பதிவேட்டைத் தான் பார்த்ததில்லை என்றார். பக்கம் பக்கமாகப் படித்தார். பென்சிலால் சிறு சிறு கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

“சார், மொத்தம் நாற்பத்தொரு என்ட்ரி. அதுல முப்பத்துமூணு ஒரே பேரு” என்றார். “மெஷினை மோதினதும் அவங்கதான். ப்ராப்ளம் யாருன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. எழுதி வெச்சுட்டு அவங்களையே செட்டரா நிக்க வெச்சிருக்கீங்களே, எப்படி சார்?”

திருத்த நடவடிக்கை என்றொரு படிவம் இருக்கிறது. மேற்படி நபர் இயந்திரப் பணியிலிருந்து விலக்கப்பட்டார் என்று அதில் நான் கையெழுத்திட்டால் வேலை தொடரும் என்றார்.

அக்கா பத்தடி தூரத்தில் இரண்டாவது இயந்திரத்தின் அருகே நின்றிருந்தார். எல்லாம் காதில் விழும் தூரம். நான் அவரைப் பார்த்தேன். நோட்டில் இருப்பது பொய் என்று சொன்னால், பதிவேடே பொய் என்றாகும். பதிவேடு பொய் என்றால் பட்டறையின் எல்லா ஆவணமும் பொய்யாகும். மூடிகள் போய்விடும். குமரேசனும் இன்னும் நால்வரும் வேலையிழப்பார்கள். ஒருவரின் இடமாற்றத்தால் ஐந்து குடும்பம் பிழைக்கும் என்று மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தேன். தராசின் ஒரு தட்டில் என் பொய்யும் உட்கார்ந்திருந்ததை அப்போது நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்கா தலையை மிக லேசாக அசைத்தார். சொல்ல வேண்டாம் என்று பொருள். அதை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டு கையெழுத்திட்டேன்.

மறுநாள் முதல் அவருக்குப் பிசிறு நீக்கும் மேசையில் வேலை. சிறிய அரத்தாலும் உப்புத்தாளாலும் பீஸ்களின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்கும் வேலை அது. புதிதாகச் சேர்பவர்களுக்குத் தருவோம். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். வளையல்களை அவர் டப்பா மூடியில் கழற்றி வைப்பது நின்றுபோனது. அந்த மேசையில் வளையலுக்கு ஆபத்தில்லை. அரம் ஓடும்போதெல்லாம் அவை மெல்லக் குலுங்குவது, அலுவலறையில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும்.

மூன்று வாரம் இருந்தார். பிறகு ஒருநாள் வந்து நின்று, போய்வருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு முடியவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். “மெஷினு சத்தம் கேக்குது சார். ரெண்டாவது மெஷினு சத்தம் சரியில்ல. எழுந்து போயி பாக்கணும்னு கை பரபரங்குது. போவக் கூடாது. அதான்” என்றார்.

அவர் போன சில நாளில், தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அக்கா அவரிடம் வேலை கேட்டிருக்கிறார். ரிஜெக்‌ஷன் ஜாஸ்தியாமே, அந்த நிறுவனத்து ஆட்கள் வழியாகக் கேள்விப்பட்டேன் என்றார். மிகத் திறமையானவர், தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். “அப்ப நீங்க ஏன் எறக்குனீங்க?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே ஒரு வாக்கியத்தில் அதற்குப் பதில் இருந்தது. லைன் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று துண்டித்தேன்.

பட்டறையில் அதன்பின் ஒரு விந்தை நடந்தது. தப்பு நோட்டில் வரிகள் குறைந்தன. இரண்டு மாதத்தில் அறவே நின்றன. அதிகாரி மீண்டும் வந்து பாராட்டிவிட்டுச் சென்றார். ஆனால் எஃகுத் தண்டுகள் தீரும் வேகத்துக்கும் மூடிகள் ஆகும் எண்ணிக்கைக்கும் பொருத்தமில்லை. ஒருநாள் சுருள்சுருளாகக் கடைசல் தூள் கிடக்கும் தொட்டியைக் கிளறியபோது, அடியில் கெட்டுப்போன பீஸ்கள் புதைந்திருந்தன. குமரேசனை அழைத்துக் காட்டினேன். அவன் தலையைக் குனியவில்லை.

“கெட்டுச்சுன்னா அக்காகிட்ட எடுத்துட்டுப் போவோம் சார். அவுங்க பேருல எழுதிக்குவாங்க, ஏன் கெட்டுச்சுன்னும் சொல்லுவாங்க. அதனால எதையும் மறைச்சதே இல்ல. இப்ப எழுதுனா நாளைக்கு நாங்களும் அந்த டேபிளுக்குத்தான?” என்றான்.

யாரும் அஞ்சாத பட்டறையை நான் ஒரு நோட்டினால் உண்டாக்கியதாக நினைத்திருந்தேன். உண்டாக்கியவர் வேறொருவர் என்பதும், அவரைத்தான் நான் இறக்கிவிட்டேன் என்பதும் அந்தத் தொட்டியின் அருகே நின்றபோது எனக்கு விளங்கின. விளங்கியும் நான் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த மூடி வேலை இன்னும் இரண்டு ஆண்டு ஓடியது. பிறகு நிறுவனம் அதை வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது. காரணம் எங்கள் தரம் அல்ல என்று எழுதியிருந்தார்கள்.

அக்காவின் தாய் இறந்துவிட்டதாகவும், அக்கா பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் தங்கை வீட்டோடு இருப்பதாகவும் குமரேசன்தான் சொன்னான். அவர் எங்களைவிட்டுப் போய் நான்கு ஆண்டு கழிந்திருந்தது. மேசை இழுப்பறையில், திருப்பி அனுப்பப்பட்ட மூடிகளில் ஒன்றை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பட்டறை சற்று வளர்ந்து, முகத்தின் வழவழப்பை அளக்கும் கருவி வாங்கியபோது முதலில் அதைத்தான் வைத்துப் பார்த்தேன். திரையில் அலை எழுந்தது. ஒரே சீரான சின்ன அலை, காற்று விழுந்த பிறகு ஓடுவதைப் போல. நோட்டை எடுத்து, மோதல் நடந்த நாளின் வரியில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். மூடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு திருவதிகைக்குப் பேருந்து ஏறினேன்.

வீரட்டானேசுவரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அக்கா வாசலில் உட்கார்ந்து கைகளுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். “வாங்க சார், என்னா இவ்ளோ தூரம்” என்றார். நாற்காலி கொண்டுவந்து போட்டபோதுதான் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் கருத்து, தோல் உரிந்து உரிந்து மறுபடி இறுகி, வார்னிஷ் பூசியதுபோல் பளபளத்தன. முந்திரி உடைக்கும் வேலை. கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுடும். உறை போட்டால் கை ஓடாது. கை ஓடாவிட்டால் கூலி இல்லை.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் சிரித்தார். “ரேகையே போயிடுச்சு சார். ரேஷன் கடையில மெஷினு என்னைய ஆளே இல்லன்னுது. கண்ணக் காட்டித்தான் அரிசி வாங்கியாறேன்” என்றார்.

குமரேசனைப் பற்றிக் கேட்டார். அவனுக்குத் திருமணமானதைக் கேட்டு மகிழ்ந்தார். இரண்டாவது மெஷினுக்குப் பேரிங் மாற்றினோமா என்று கேட்டார். மாற்றினோம் என்றேன். கடைசியில், அன்றைக்குப் பொத்தானை மாற்றி அமுக்கியவன் நான்தான் என்று நோட்டில் திருத்தி எழுதிவிட்டதாகச் சொன்னேன். அவர் முகத்தில் கலவரம் வந்தது.

“எதுக்கு சார் அடிச்சீங்க? கம்பெனிக்காரரு பாத்தா ஆர்டரு போயிடுமே.”

“ஆர்டர் போயி ரெண்டு வருஷம் ஆச்சுக்கா” என்றேன்.

அவர் உள்ளே திரும்பித் தங்கையிடம் டீ போடச் சொன்னார். திரும்பவும் என்னை எதிர்கொள்ள அவருக்கு அந்தச் சிறிது நேரம் தேவைப்பட்டிருக்கலாம்.

பையிலிருந்து மூடியை எடுத்தேன். துணியைப் பிரித்து அவரிடம் நீட்டி, அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி, கருவியில் வைத்துப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அதை வாங்கிக்கொண்டார். பழைய பழக்கம், மோதிர விரல் தானாக முகத்தின்மேல் சென்றது. பார்வை தெருமுனைக்குப் போனது. கோயில் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து திரும்பியது. அவர் தடவிக்கொண்டே இருந்தார். விரலை மாற்றினார். மூடியை வலது கைக்கு மாற்றித் தடவினார். கட்டைவிரலின் பக்கவாட்டால் தடவினார். பிறகு குனிந்து அதைக் கண்ணால் பார்த்தார். அவர் ஒரு பீஸைக் கண்ணால் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

“இது அந்த லாட்டா சார்?”

ஆமாம் என்றேன்.

“அலையே இல்லியே.” மூடியை மடியில் வைத்தார். “அப்ப நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல. பாவம், நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்க. நான்தான்னு எழுதிக்கங்க சார்.”

இருக்கிறது அக்கா, அலை இருக்கிறது என்று சொன்னேன். கருவியைப் பற்றிச் சொன்னேன். திரையில் கண்டதை விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஆனால் மனம் வருந்தி வந்திருப்பவனை ஆறுதல்படுத்த எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. தன் விரல் சொல்லாத எதையும் அவர் ஒருநாளும் நம்பியதில்லை. டீ வந்தது, குடித்தேன். மூடியைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து, துணியில் பழையபடி சுற்றி, இரு கையாலும் கொடுத்தார்.

அந்த மூடிக்கு நான் மறுபடி எண்ணெய் தடவவில்லை. இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. பையிலிருந்து எடுத்து நீட்டியபோது நான் பிடித்த ஓரத்தில் மூன்று விரல்களின் ரேகை துருவாக எழுந்துவிட்டது; வரி வரியாக, யாரும் படிக்கலாம். அவர் அத்தனை நேரம் தடவிய முகத்தில் ஒன்றும் இல்லை.